ஜின் டொக்டரும் தவிட்டுப் பிள்ளையும்

பிள்ளைகளே, உங்கள் உம்மாவை ஒருதரம் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாம் தரமும் கூப்பிட வேண்டும். காது மந்தம் என்று உங்களில் மூத்தவர் சொல்லிச் சிரிக்கிறார். இளையவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துகிறார். அவருடைய காதில் ஒரு குறையும் இல்லை. தறியில் ஒரு நூல் அறுந்தால் குசினியில் இருந்துகொண்டே கண்டுபிடிக்கிற காது அது. அதன் காரணத்தை நான் உங்களுக்கு இதுவரை சொல்லவில்லை. சொல்ல வெளிக்கிட்டால் ஒரு டொக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு எனக்குக் கல்முனை ஆஸ்பத்திரியில் சிற்றூழியர் வேலை கிடைத்தது. மனநோய்க் கிளினிக் நடக்கும் அறையின் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது, சண்டை பிடிப்பவர்களைச் சமாதானப்படுத்துவது, டொக்டருக்கு விளங்காத பேச்சை விளங்கப்படுத்துவது, இதுதான் வேலை. டொக்டர் கொழும்பில் வளர்ந்த தமிழர். சீமையில் படித்தவர். வீட்டில் இங்கிலீசிலேயே கதைத்து வளர்ந்ததால் அவருடைய தமிழ் பாடப் புத்தகம் வாசிப்பது மாதிரி இருக்கும். "தலை விறைக்கிது", "நெஞ்சு பக்கெங்கிது" என்று எங்கள் சனம் சொன்னால் அவர் என்னைத்தான் பார்ப்பார்.

அந்த நாட்களில் கிளினிக்குக்கு வந்தவர்களைப் பார்த்தால் உங்களுக்கு நித்திரை வராது. காற்று கொஞ்சம் பலத்தால் தன்னைத் தானே தூணோடு கட்டிக்கொள்கிற ஒரு மனுசன் வருவார். கூரைக்குக் கீழே படுக்க மாட்டேன் என்று மழையிலும் முற்றத்தில் கிடக்கிற ஒரு பெண்ணைக் கூட்டி வருவார்கள். டொக்டர் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்து நித்திரைக் குளிசை எழுதுவார். எழுதிவிட்டுப் பேனையை மூடாமலே கொஞ்ச நேரம் இருப்பார். "இதை விட என்னிடம் வேறு ஒன்றும் இல்லை" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஆனால் சனங்கள் அவரிடம் வேறு ஏதோ இருக்கிறது என்று நம்பினார்கள். செத்தவர்களின் ஆவி, முற்பிறவி, கண்ணை மூடிக்கொண்டு தூரத்தில் நடப்பதைச் சொல்வது, இப்படிப்பட்ட சங்கதிகளை அவர் ஆராய்கிறார் என்று எப்படியோ ஊருக்குள் கதை பரவிவிட்டது. அது பொய்யும் இல்லை. மற்ற டொக்டர்மார் அவரைப் பேய் டொக்டர் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் அதை ஜின் டொக்டர் ஆக்கிவிட்டார்கள். ஒருநாள் வயல்காரர் ஒருவர் வந்து கதிரையில் இருந்தார்.

"டொக்டர், என்ட நாம்பன் மாடு ஒண்டக் கொஞ்ச நாளாக் காணல்ல. எந்தப் பக்கம் நிக்கிதெண்டு ஒருக்காப் பாத்துச் செல்லுங்களன்."

"நான் குறி சொல்கிறவன் இல்லை. உங்களுக்கு நித்திரை வருகிறதா? அதைச் சொல்லுங்கள்."

"மாட்டக் காணாம எப்பிடி நித்திரை வரும்? நீங்க மாட்டச் செல்லுங்க, நித்திரைய நான் பாத்துக்கிறன்."

வாங்கில் இருந்த நோயாளிகள் எல்லாரும் சிரித்தார்கள். டொக்டரும் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்ட நாட்கள் குறைவு.

கிளினிக் முடிந்த பிறகு சில நாள் என்னை எதிரே இருத்திவிட்டு ஒரு கட்டு மட்டைகளை எடுப்பார். ஒன்றில் வட்டம், ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் கடலலை, இப்படி. தான் ஒன்றைப் பார்த்துக்கொண்டு, அது என்ன என்று என்னைச் சொல்லச் சொல்லுவார். நான் கடற்கரையில் பிறந்தவன். ஒன்றும் தோன்றாவிட்டால் அலை என்று சொல்லுவேன். எப்போதும் ஒன்றும் தோன்றாது. "நீங்கள் முயற்சி செய்வதே இல்லை" என்று கவலைப்படுவார். எனக்கும் கவலையாகத்தான் இருக்கும், ஒருதரமாவது சரியாகச் சொல்லி அந்த மனுசனைச் சந்தோசப்படுத்த முடியவில்லையே என்று.

அவருடைய தகப்பனார் பிரம்மஞானக் கூட்டத்தில் பெரிய ஆளாம். தியோசபி என்பார்கள். மனிசனுக்கு இந்த உடம்பு மட்டும் இல்லை, உள்ளுக்குள் உள்ளாக வேறு உடம்புகள் இருக்கின்றன, எல்லா மார்க்கமும் ஒரே உண்மையைத்தான் வேறு வேறு உடுப்பில் சொல்கின்றன என்று டொக்டர் எனக்கு விளங்கப்படுத்துவார். எனக்கு அது ஒத்துவரவில்லை. மறுத்துக் கதைக்கவும் தெரியவில்லை. "அப்பிடியா டொக்டர்" என்று சொல்லி மட்டைகளை அடுக்கி வைப்பேன்.

இனி வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு முன்னால் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். முதல் இரண்டும் நாற்பது நாள் கழியும் முன்பே போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்தது ஆண் பிள்ளை. இவனும் தங்க மாட்டான் என்ற பயத்தில், எங்கள் ஊரில் சிலர் செய்கிற வேலையை நாங்களும் செய்தோம். பிள்ளையைச் சுளகில் கிடத்தி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுப் பெண்ணுக்கு விற்றோம். அவருக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் சுகமாக இருந்தார்கள். அவர் ஒரு பிடி தவிட்டை விலையாகக் கொடுத்துவிட்டு, "இனி இவன் என்ட புள்ள. நீங்க ரெண்டு பேரும் எனக்கு வளத்துத் தாங்க" என்றார். பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். ஆனால் கூப்பிடும் முறை மாறும். அவன் அடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் உம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்ற தாயைத் தாத்தா என்று, அதாவது மூத்த சகோதரி என்று கூப்பிட வேண்டும். தாத்தாவின் புருசன் என்கிற முறையில் என்னை மச்சான் என்பான்.

சிரிக்காதீர்கள். பெற்ற பிள்ளை மடியில் இருந்துகொண்டு "மச்சான், மீனுக்கு முள்ளெடுங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குப் பழகிவிட்டது.

வேலிக்கு மேலால் தினமும் கதை நடக்கும்.

"என்னகா, என்ட மகனுக்குச் சோறு குடுத்தியா? எலும்பும் தோலுமா வெச்சிரிக்காய்!"

"குடுத்தன் தாத்தா. ஒங்கட மகன் என்ட கையக் கடிச்சிப் போட்டான்."

"கடிப்பான், கடிப்பான். என்ட புள்ளயெல்லோ!"

பள்ளிவாசல் லெப்பை கேள்விப்பட்டு ஏசினார். "மௌத்த ஏமாத்தப் பாக்கிறயளா? உசிரு அல்லாஹ்ட கையிலெல்லோ?" என்று கேட்டார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். பிள்ளை உயிரோடு இருந்தான், அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சுன்னத்துக் கல்யாணத்தன்று அந்தப் பெண்ணுக்கு ஒரு சீலை கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்குவது முறை. அன்றைக்குத்தான் அவன் பெற்றவளை உம்மா என்று கூப்பிடுவான். உங்கள் உம்மா அந்தச் சீலையைத் தன் தறியிலேயே நெய்ய நினைத்து, நூலுக்கு நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தார். அதுவரைக்கும் வளவில் உம்மா என்ற சத்தம் கேட்டால், அது வேலிக்கு அந்தப் பக்கம் போகிற சத்தம் என்று அவருடைய காது பழகியிருந்தது.

சுன்னத்துக்கு முன்னால் சூறாவளி வந்தது. தென்னை மரம் எங்கள் கூரைக்கு மேல் விழுந்தது. எனக்குக் கால் முறிந்தது. உம்மாவுக்கு ஒரு கீறலும் இல்லை. இருட்டில் பிள்ளை "தாத்தா, தாத்தா" என்று கூப்பிட்டான். "இந்தா வாறன் மனே" என்று அவர் ஊர்ந்து போய்க் கையைப் பிடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு சில வருசம் எங்கள் வீட்டில் கதை பேச்சு இல்லை. தறி மட்டும் ஓடும். உம்மா ஒரே ஒரு விசயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். "ஒருக்காவாவது அவன்ட வாயால உம்மா எண்டு கேட்டிரிக்கலாம். நான்தான் பயந்து செத்தன், அப்பிடிக் கூப்பிட வேணாமெண்டு." அது என் கையில் இல்லாத விசயம். யாருடைய கையிலும் இல்லாத விசயம்.

அப்படி இருக்கையில் ஒருநாள், வயல் பக்கத்துத் தமிழ்க் கிராமம் ஒன்றில் இருந்து ஒரு தாய் தன் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். சின்னப் பிள்ளை, இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. தாய் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னார்.

"தொப்பி போடோணும், ஓதப் போகோணும் எண்டு அழுறாள் ஐயா. முஸ்லிம் ஆக்கள் மாதிரி மீன்கறிக்கு மாசிக் கருவாடு போடச் சொல்றாள். இவள்ற அப்பா ஊருக்குள்ள தலை காட்டுறாரில்ல. ஏதும் மருந்து குடுத்து இதை மறக்கப் பண்ணுங்க."

டொக்டர் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு மெல்லக் கேட்டார். பிள்ளை மேசையில் இருந்த முத்திரைக் கட்டையை உருட்டிக்கொண்டு சொன்னது: "எங்கட வீடு கடலுக்குக் கிட்ட. அங்க தறி இரிக்கி. டக்கு டக்கு எண்டு சத்தம் போடும். காத்தடிச்சி மரம் விழுந்து நான் செத்துப் போனன்."

நான் டொக்டருக்குத் திருப்பிச் சொல்ல மறந்து நின்றேன்.

"ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார்.

"டொக்டர், இது எங்கட ஊட்டுக் கதை மாதிரி இரிக்கி."

அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதிரையில் இருந்து எழும்பி, ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடியும் இருந்தார். ஆனால் நியாயமான மனுசன். அந்தத் தாயிடம் எல்லாம் விசாரித்தார். அவர் சீலை வாங்க எங்கள் ஊர் மருதமுனைக்கு வந்து போகிறவர், பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மருதமுனையில் வீட்டுக்கு வீடு தறி. மரம் விழுந்து பிள்ளைகள் மௌத்தான வீடுகளும் எங்களுடையது மட்டும் இல்லை. இதையெல்லாம் டொக்டரே எனக்கு எடுத்துச் சொல்லி, "ஆகவே நாம் அவசரப்படக் கூடாது. மனைவிக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லும் நோக்கத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. உம்மா என் முகத்தைப் பார்த்த உடனே, "ஆரு மௌத்து?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை.

கேட்டுவிட்டு அவர் தறியில் போய் இருந்தார். நெய்யவில்லை, சும்மா இருந்தார். நான் பின்னால் போய், "இது நம்மட மார்க்கத்துல இல்லாத கதை. மரைக்கார்மாருக்குத் தெரிஞ்சா பள்ளிவாசலுக்கு விசாரணைக்கு வரச் செல்லுவாங்க" என்றேன்.

"மறுபிறப்பு இல்லெண்டு எனக்கும் தெரியும். நான் அஞ்சு நேரமும் தொழுறவள். எனக்கு மறுபிறப்பு வேணாம். என்ட புள்ளயத்தான் கேக்கிறன்."

"அது பொட்டப் புள்ள. தமிழ்ப் புள்ள."

"இரிக்கட்டும். அவன் எண்டா எனக்குப் போதும்."

வேண்டாம் என்று நான் கட்டளை போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். சரி வரட்டும் என்றும் சொல்லலாம். அப்போது அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்வேன், ஊருக்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்தது, ஒரு பக்கமும் கால் வைக்க முடியவில்லை. கிளினிக்கில் டொக்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். கடைசியில் உம்மாவே முடிவு செய்தார். "கூட்டிட்டு வரச் செல்லுங்க."

டொக்டர் முதலில் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளையின் பழக்க வழக்கங்களை விசாரித்தார். எந்தக் கையால் சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான் என்று. பிறகு, "உங்களை எப்படிக் கூப்பிடுவான்?" என்று உம்மாவைக் கேட்டார்.

தவிட்டு விற்பனையை வெளியாளிடம் சொல்வது வழக்கம் இல்லை. விற்ற பிள்ளையைத் திருப்பி வாங்கும் வரை அதைப் பற்றி வாய் திறந்தால் விற்பனை முறிந்துவிடும் என்பார்கள். எங்கள் பிள்ளையைத் திருப்பி வாங்கவே இல்லையே. நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "எங்கட புள்ளையள் உம்மா எண்டுதான் கூப்பிடும்" என்றார். அது பொய் இல்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். டொக்டர் தலையாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தாயையும் பிள்ளையையும் தன்னுடைய காரில் கூட்டி வந்தார். எங்கள் மண்டபத்தில் பாயை விரித்து ஐந்து பெண்களை முக்காட்டோடு வரிசையாக இருத்தச் சொல்லியிருந்தார். உம்மாவும் அடுத்த வீட்டுப் பெண்ணும் என்னுடைய சகோதரிகள் மூன்று பேரும். ஜன்னல் கட்டில் ஒரு சின்ன டேப் ரெக்கோடரை வைத்து அதன் மேல் முகம் துடைக்கும் லேஞ்சியைப் போட்டார்.

"டொக்டர், சிரிக்கலாமா?" என்று அடுத்த வீட்டுப் பெண் கேட்டார்.

"சாதாரணமாக இருங்கள்."

"சாதாரணமா எண்டா நான் கதைச்சிட்டெல்லோ இரிப்பன்!"

"அப்படியென்றால் கொஞ்சம் அசாதாரணமாக இருங்கள்" என்றார் டொக்டர். என் சகோதரிகள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். உம்மா சிரிக்கவில்லை.

பிள்ளை தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது. தறியைக் கண்டதும் "டக்கு டக்கு" என்றது. டொக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளை தலைப்பை விட்டுவிட்டு மெல்ல உள்ளே வந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணைத் தாண்டி வந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் சகோதரிகளையும் தாண்டி உம்மாவுக்கு முன்னால் வந்து நின்றது. மற்றவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டும் இருந்தார்கள். உம்மா மட்டும் கண்ணை எடுக்காமல் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குழந்தையும் அங்கேதான் போயிருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பிள்ளை அவருடைய மடியில் ஏறி இருந்தது. முகத்தை நிமிர்த்தி, "உம்மா" என்றது.

தலையைத் தடவ எழும்பிய உம்மாவின் கை பாதி வழியில் நின்றது.

எனக்கும் அந்த நிமிசமே விளங்கிவிட்டது. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் விளங்கியது. அவர் முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டு எழும்பிப் பின்வாசலால் போய்விட்டார். டொக்டர் அவர் உருகி அழுகிறார் என்று நினைத்திருப்பார். டொக்டருடைய கண்ணிலும் தண்ணீர். "நீங்கள் சொன்ன அதே சொல்" என்று என் காதுக்குள் சொன்னார். "இத்தனை வருஷமும் இதற்காகத்தான்..." என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையைக் கொடுத்துவிட்டு நின்றேன்.

உம்மா நின்ற கையைக் கீழே கொண்டுவந்து, பிள்ளையின் தலையைத் தடவி, கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். "போங்க மகள். ஒங்கட அம்மா பாத்திட்டிரிக்கா" என்று இறக்கிவிட்டார். எழும்பிக் குசினிக்குப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். பிள்ளைக்கு ஆறவைத்துப் பேணியில் கொடுத்தார். டொக்டரால் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை.

எல்லாரும் போன பிறகு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உம்மா பாயிலேயே இருந்தார்.

"அவன் இல்ல" என்றார்.



"அவனெண்டா தாத்தா எண்டு கூப்பிட்டிரிப்பான். இல்லாட்டி தவிடு தந்தவட மடிக்குப் போயிரிப்பான். போயிரிந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிரிக்கும். வெடிச்சாலும் அவனெண்டு தெரிஞ்சிரிக்கும்."

"அழாத புள்ள."

"நான் அழல்ல. நேத்து வரைக்கும் எனக்கொரு சந்தேகமாவது இரிந்திச்சி. இப்ப அதுவும் இல்ல." பாயைச் சுருட்டிக்கொண்டு சொன்னார்: "எவ்வளவு வடிவா கூப்பிட்டிச்சி, பாத்தீங்களா."

அடுத்த கிளினிக் நாளில் டொக்டர் புதிதாகச் சவரம் செய்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சீமையில் இருக்கும் சினேகிதர்களுக்கு இதை எழுதப் போவதாகச் சொன்னார். இனிப் பேய் டொக்டர் என்று சிரிக்கட்டும் பார்க்கலாம் என்றார். கடைசி நோயாளி போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, சுளகு, தவிடு, தாத்தா, மச்சான் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். "செல்லுங்க. பாவம், அந்த மனுசன் பிழையா எழுதிப் போடுவாரு" என்று அவரே சொன்னார்.

டொக்டர் அவசர அவசரமாகச் சொன்னார்: "மறுபடி பிறந்த ஆன்மாவுக்கு உண்மையான தாய் யார் என்று தெரிந்திருக்கலாம். உலகத்து ஏற்பாடுகள் அங்கே செல்லாது. அப்படியும் பார்க்கலாம், இல்லையா?"

"பாக்கலாம் டொக்டர்."

"நீங்கள் அதை நம்பிச் சொல்லவில்லை."

"இல்ல டொக்டர்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன்னுடைய தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் செத்ததைப் பற்றிச் சொன்னார். தகப்பனாரின் கூட்டத்தில் ஆவிகளோடு கதைக்கும் ஒரு பெண்மணி இருந்தாராம். தாயார் வாரா வாரம் அவரிடம் போவாராம். தம்பி சொல்வதாக அந்தப் பெண்மணி பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பாராம். "என் தம்பிக்கு எழுத்தே தெரியாது. நாலு வயது. செத்த பிறகு நல்ல இங்கிலீஷ் எழுதினான்." சிரித்தார் என்று நினைக்கிறேன். "அம்மா அதை வாசித்து வாசித்துச் சந்தோஷமாகவே இறந்து போனார். நான் படித்துவிட்டேன். படித்தவனுக்கு அது போதாது. ஆனால் ஒன்றாவது உண்மையாக இருந்துவிடாதா என்று தேடுவதை விடவும் முடியவில்லை."

அவருக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மேசை லாச்சியில் அந்த மட்டைக் கட்டு இருந்தது. அதை எடுத்து, "ஒருக்காப் பாப்பமா டொக்டர்?" என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

அதன் பிறகு அந்தத் தாயும் பிள்ளையும் கிளினிக்குக்கு வரவில்லை. அடுத்த வருசம் எங்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் இடையில் கலவரம் வந்தது. அந்தப் பாதையால் போகிற வருகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். வயல் பக்கம் புகை தெரிந்த ஒருநாள், உம்மா முற்றத்தில் நின்று அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளட ஊரு அதுதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். போய்ப் பார்க்க வழி இல்லை. விசாரிக்கவும் ஆள் இல்லை.

அப்போது உங்களில் மூத்தவர் வயிற்றில். அடுத்த வீட்டுப் பெண் வேலியடியில் வந்து நின்று, பழைய பகிடி இல்லாமல், தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்னகா, சுளகெடுத்து வெக்கவா?"

உம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "வேணாம் தாத்தா. வித்தாலும் போவுது, விக்காட்டியும் போவுது. இது என்ட பேரிலயே இரிக்கட்டும்." உங்களைப் பெற்று நாற்பது கழியும் வரை அவரும் நித்திரை கொள்ளவில்லை, நானும் நித்திரை கொள்ளவில்லை.

டொக்டரைக் கொழும்புக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் பக்கம் டொக்டர்மார் நிற்கப் பயந்த காலம். போகிற அன்று காரில் சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். புத்தகப் பெட்டிகளைத் தவிர அவரிடம் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு சேட் பையில் இருந்து ஒரு கசட்டை எடுத்துக் கையில் தந்தார். அன்றைக்கு எங்கள் ஜன்னல் கட்டில் ஓடிய கசட்.

"இது என்னிடம் இருந்தால் நான் ஒருநாள் யாருக்காவது போட்டுக் காட்டுவேன். பாதிக் கதையை மட்டும் சொல்லிக் காட்டுவேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் வைத்திருங்கள்" என்றார். கார் போகும்போது அவர் கையைக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது உம்மா தாய் வீட்டுக்குப் போயிருந்தார். சவூதியில் இருந்த உங்கள் மாமா அனுப்பிய டேப் ரெக்கோடர் அலுமாரிக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தக் கசட்டும் எங்கள் வீட்டில் நிலைப்பதில்லை. மாமா பேசி அனுப்பும் கசட்டின் மேலேயே நாங்கள் பதில் பேசிப் பதிந்து அனுப்புவோம். சொந்தக்காரப் பொடியன்மார் வந்தால் அதன் மேல் பாட்டுப் பதிந்துவிடுவார்கள். நான் கசட்டை ரெக்கோடருக்குள் போட்டேன். கேட்கவென்று பொத்தானில் விரலை வைத்தேன். அமத்தாமல் கசட்டை வெளியே எடுத்தேன்.

பிறகு கதவுப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்து குந்தி, கசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் பேனாக் கத்தி முனையால் கிளப்பி உடைத்தேன். அவை போய்விட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. உடைந்த துண்டுகளை ஊதித் தள்ளிவிட்டு, கசட்டை உறைக்குள் போட்டு, அலுமாரியில் என்னுடைய சாரன்களுக்குக் கீழே வைத்தேன்.